மீன் ரொட்டிய நம்பாத அப்பா

மீன் மாதிரியே வார்த்த ரொட்டிய கையில குடுத்தா, கடிக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாப்பீங்களா மாட்டீங்களா? எங்கப்பா மோந்தாரு. இன்னிக்கு ஒடாஹுஹு சந்தையில கொரியன் கடை காரசாஸ் வாசம் மூக்குல ஏறினதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

அப்போ எனக்கு எட்டு வயசு. இந்த நாட்டுலயே தங்க விசா வரணும்னு பெருமாளுக்கு வேண்டிக்கிட்டு, புரட்டாசி முழுக்க அப்பா கவிச்சி தொடல. அப்போ கிளென் ஈடன் சந்தையில, ஒரு கொரியன் கடையில வாங்கி அம்மா மீன் ரொட்டிய நீட்டினாங்க.

"உள்ள வெறும் இனிப்புப் பயறுதாங்க."

"அப்புறம் எதுக்குடி செதிள் எல்லாம் போட்டிருக்காங்க? ஏதோ மறைக்கிறாங்க!"

பிச்சுப் பிச்சு முள்ளு தேடினாரு. முள்ளே இல்ல, அப்பவும் நம்பல. பக்கத்துல காரசாஸ்ல செக்கச்செவேல்னு கொதிச்ச டொக்போக்கிய பாத்து, "இது நம்ம அரிசிக் கொழுக்கட்டைடா, இதுல என்ன இருக்கப்போகுது?"ன்னு ரெண்டு கப் உள்ள தள்ளினாரு.

விசா ஜம்முனு வந்துடுச்சு. அதுலேந்து வருஷா வருஷம் எங்க வீட்டு விரதச் சாப்பாடே டொக்போக்கிதான்.

எனக்கு இன்னிக்குத்தான் டவுட் வந்து, சாஸ்ல என்ன போடுவீங்கன்னு கடைக்காரர்கிட்ட கேட்டேன். நெத்திலிக் கருவாட்ட கொதிக்கவெச்ச தண்ணியிலதான் செய்வோம்னு பெருமையா சொன்னாரு.

இன்னிக்கு புரட்டாசி சனி. அத்தைக்கு விசா கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு, அப்பா இப்போ இதே கடையில டொக்போக்கி வாங்க லைன்ல நிக்கிறாரு.