கோழிகளிடம் பேசிய ஜெர்மன்

எங்கள் மகளுக்கு ஜெர்மன் பேச வராது என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், சேந்தமங்கலத்தை அடுத்த எங்கள் கோழிப்பண்ணையில் நடந்தது இது.

செவிலியர் படிப்பை முடித்திருந்த அவளுக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மொழித் தேர்வில் தேற வேண்டும் என்பதே நிபந்தனை. சேலத்துக்குப் போய்ப் படித்தாள். கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வாசிப்பதிலும் எழுதுவதிலும் நல்ல மதிப்பெண். பேசும் தேர்வில் மட்டும் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்து தோற்றாள். இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதுவும் தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

"வாயைத் தொறக்காம இருக்கறதுக்கா சாமி சேலத்துக்குப் பஸ் ஏறுனீங்க?" என்று என் கணவர் மகளிடம் கேலியாகத்தான் கேட்டார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் புதுக் கோழிகளைக் கூண்டுக்கு மாற்றியிருந்தோம். இடம் பழகாத கோழிகள் திடீரென எழும் சிறு சத்தத்துக்கும் மிரண்டு, சிறகடித்துக் காயப்பட்டுக்கொள்ளும்; விடாமல் கேட்கும் குரலுக்கு மிரளாது. அதனால் கொட்டகைக்குள் போகிறவர் வாசலிலேயே குரல் கொடுத்து, வெளியே வரும்வரை எதையாவது பேசிக்கொண்டே நடக்க வேண்டும். வேலைக்கு வரும் அம்மாள் வராததால் அன்று பிற்பகல் மகள் போனாள்.

நெடுநேரமாகியும் அவளைக் காணாமல் தேடிப் போனேன். கம்பிவலைக்கு வெளியே நின்றபோதே குரல் கேட்டது. தமிழில் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். அவள் ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தாள். சாய்ந்த வெயிலில் இறகுத் தூசி மெல்ல மிதந்தது. கோழிகள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன. எனக்குத் தெரியாத அந்த மொழியில் அவள் குரல், ஏற்கெனவே எங்கோ தொலைவுக்குப் போய்விட்ட ஒருத்தியின் குரல்போல இருந்தது.

என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். உடனே கூண்டுகளில் சலசலப்பு எழுந்தது.

"நிறுத்தாத சாமி, மிரண்டுரும்," என்றேன்.

வேறு வழியின்றி, என் முகத்தைப் பார்த்தபடியே மறுபடி பேசத் தொடங்கினாள். கோழிகள் அடங்கின.

"கிளாஸ்ல தப்பாப் பேசுனாச் சிரிப்பாங்கம்மா. இதுங்க சிரிக்கறதில்லைங்க," என்றாள் வெளியே வந்ததும்.

"எனக்கும் ஒண்ணும் புரியாதே. என்கிட்டயும் பேசு."

அதன்பிறகு மாலைதோறும் வாசலில் உட்கார்ந்து, அன்றைய நாளை எங்களுக்கு ஜெர்மனில் சொல்வாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் கணவர், "ஆமாங்க, ஆமாங்க" என்பார். ஒரு நாள் சந்தேகம் வந்து, "என்னையத் திட்டலீங்களே?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் நீளமாக ஏதோ சொன்னாள்.

பேச்சு வந்துவிட்டால் அவள் போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த தேர்வில் தேறினாள். அந்த மருத்துவமனையில் இன்று நோயாளிகளிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகிறாள்.

காதால் சேர்த்த சொற்கள் வாய்க்கு வர, அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகம் போதும் என்று அன்று அறிந்தேன். வீட்டில் இப்போது நானும் அவரும்தான் இருக்கிறோம்.