இருபத்திரண்டாம் நாள்: ஒரு கையெழுத்துப் பிரதியோடு கொரட்டூர், அம்பத்தூர், பூந்தமல்லி

கிறிஸ்தவப் புத்தகம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், ஆவடி பக்கம் யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ரயில், ஏரி, பிரியாணிக் கடை என்று எழுதிக்கொண்டிருக்கிறவனிடம் இதை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. ஆனால் கேட்டது சரியான ஆளிடம்தான். அந்தப் பயணத்தை நான் போயிருக்கிறேன், 1992 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. இங்கே எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரே பயணம் அதுதான். வழியும் கட்டணமும் சொல்கிறேன், மற்றதையும் சேர்த்தே படியுங்கள்.

அப்போது ஆவடியில் வாடகை வீடு, எனக்குத் தொழிற்சாலை வேலை. எங்கள் ஒரே மகள் ஷீபா, ஆறு வயது, அதற்கு முந்தின வருடம் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் கிடந்தாள். அந்த இருபத்தொரு நாளும் தான் என்ன ஜெபித்தேன் என்பதை என் மனைவி ஜெயசீலி நாள்வாரியாக ஒரு நீள நோட்டில் எழுதியிருந்தாள். தொண்ணூற்றிரண்டு பக்கம். கடைசி நாளுக்கு மட்டும் ஒரே வரி: ‘ஆண்டவரே, உம்மிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.’

சபையில் அவளைச் சாட்சி சொல்ல விடவில்லை. சாட்சிக்கென்று ஒரு முறை இருக்கிறது. பாடு வரும், ஜெபம் செய்வோம், சுகம் கிடைக்கும், சபையார் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். பிள்ளை செத்துப்போனதில் எந்த இடத்தில் ஸ்தோத்திரம் சொல்வது? போதகர் வீட்டுக்கே வந்து, உங்கள் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி, காப்பியும் குடித்துவிட்டுப் போனார்.

ஜெயசீலி கோபப்படவில்லை. நோட்டை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

“ஏதோ ஒரு ஆஸ்பத்திரில என்னை மாதிரியே ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க. தப்பு தன்கிட்டதான்னு நெனச்சிக்கிட்டு இருப்பாங்க. அவங்க கைக்கு இது போய்ச் சேரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றாள்.

ஆவடியில் காலை 7.40 மின்சார ரயில். கொரட்டூர் பத்து கிலோமீட்டர், இருபது நிமிடம், டிக்கெட் இரண்டு ரூபாய். சனிக்கிழமையானாலும் கூட்டம் குறையாது, கடைசிப் பெட்டியில் ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஏரிப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் நான் தேடிய வீடு. கொஞ்சம் வாசகர்கள் உள்ள ஒரு ஜெபப் பத்திரிகையை நடத்தி, வருடத்துக்கு நாலைந்து புத்தகமும் போடுகிற பெரியவர் அங்கே இருந்தார். நோட்டைக் கையில் வாங்கவே இல்லை.

“எந்த சபை தம்பி?” என்றார். சொன்னேன். “போதகர் கடிதம் இருக்கா?”

இல்லை என்றேன். “கடிதம் இல்லாம நான் எதையும் தொடறதில்ல. நாளைக்கு உங்க போதகர் வந்து என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார். ஓட்டை சொன்ன ஆளிடமே போய் ஒட்டுப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும் என்கிறார். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். செருப்பு மாட்டும்போது அவர் வீட்டம்மா மட்டும் ஜன்னல் வழியாக என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி ரயில், வந்த வழியே. அடுத்த ஸ்டேஷன் பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடை. நிழல் கிடையாது, தொப்பியோ குடையோ அவசியம். அங்கே ஒரு அச்சகத்தில் கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகங்கள் அச்சாகின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மைதான். பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாம் அச்சாகின்றன. எழுதினவன் கொண்டுவருவதை நேரே வாங்குகிற வழக்கம்தான் இல்லை. மேனேஜர் நல்ல மனிதர், நோட்டைப் புரட்டி நாலு பக்கம் படித்தார். முகம் மாறியது. “பூந்தமல்லில மோசஸ்னு ஒரு ஏஜென்ட் கீறாரு சார். கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்கெல்லாம் அவருதான் புக்கு போடுவாரு. அவரு சரின்னா நான் அச்சு ஓட்டிடுவேன்” என்று ஒரு துண்டுச்சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

எஸ்டேட் பஸ் நிலையத்தில் 11.20க்குப் பூந்தமல்லி பஸ். திருவேற்காடு வழி, பன்னிரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், ஒன்றேமுக்கால் ரூபாய். பூந்தமல்லியில் இறங்கி, பசியில் ஒரு பாய் கடையில் டீயும் சமோசாவும் சாப்பிட்டேன், இரண்டு ரூபாய். மோசஸ் வீட்டுக்கு வழி கேட்டேன்.

பாய் வழி சொல்லிவிட்டு, “பையில இன்னா அது, குழந்த மாதிரி அணைச்சிகினு கீறே?” என்றார்.

என் பெண்ணைப் பற்றி என் வீட்டுக்காரி எழுதினது, பெண் இப்போது இல்லை என்றேன். அந்த மனிதர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“எங்க ஊட்லயும் ஒண்ணு போச்சு நைனா. நாலு வருசம் ஆவுது. ஊட்டுக்காரி இன்னும் வாயே தொறக்கல. உங்க ஊட்டுக்காரம்மா எப்டி எழுதுனாங்க?” என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்தார். நான் வற்புறுத்தி வைத்துவிட்டு வந்தேன். இந்த நோட்டுக்கு வாசகர் அங்கேயே, பாய்லருக்குப் பக்கத்திலேயே இருந்தார் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

மோசஸ் வீட்டுக் கூடத்தில் புத்தகக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. மனிதர் நாற்பது நிமிடம் நோட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடிப்பில்லை, அழுதார்.

“எல்லாம் நல்லாத்தான் கீது பிரதர். ஆனா முடிவு இன்னா இப்டி கீது?” என்றார்.

“அப்படித்தான் நடந்துச்சு.”

“நடந்தது சரி. கூட்டத்துல புக்கு வாங்கறவன் யாரு? சீக்கு வந்த புள்ளைய தோள்ல போட்டுகினு வர்றவன். அவன் கையில சாவைக் குடுக்கச் சொல்றியா?” என்று கேட்டார். “ஒரே ஒரு பக்கம் சேத்துக் குடு. இருபத்திரண்டாம் நாளு, பாப்பா கண்ணத் தொறந்துச்சு, கஞ்சி கேட்டுச்சு. அவ்ளோதான். ஏப்ரல் கூட்டத்துக்கு ஆயிரம் புக்கு ரெடி. முடியாதுன்னா நோட்ட எடுத்துகினு போ, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

நோட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வெறுங்கையோடு ஜெயசீலி முன்னால் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. தொண்ணூற்றிரண்டு பக்கம் உண்மை போய்ச் சேரும், ஒரு பக்கம்தானே பொய் என்று கணக்குப் போட்டேன். பூந்தமல்லி பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கஞ்சி எல்லாம் ஷீபாவுக்குப் பிடிக்காது, அதனால் பன் கேட்டாள் என்று எழுதினேன். நர்ஸ் கட்டிவிட்ட ரிப்பன் பிடிக்கவில்லை என்று சண்டை போட்டாள் என்று எழுதினேன். ஒரு பக்கம் கேட்டால் மூன்று பக்கம் வந்தது. எழுதி முடிக்கிற வரைக்கும் என் பெண் உயிரோடு இருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது நன்றாக இருந்தது.

நோட்டையும் தாள்களையும் மோசஸிடம் கொடுத்து, பிரதி அனுப்பத் தொழிற்சாலை விலாசத்தையும் சொல்லிவிட்டு 2.40 பஸ்ஸில் பருத்திப்பட்டு வழியாக ஆவடி வந்தேன். பத்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், ஒன்றரை ரூபாய். “எடுத்துக்கிட்டாங்க” என்றேன். அன்று ராத்திரி ஜெயசீலி மாதக்கணக்குக்குப் பிறகு மீன் குழம்பு வைத்தாள்.

ஏப்ரலில் பத்துப் பிரதி என் தொழிற்சாலை விலாசத்துக்கு வந்தது. அட்டையில் ‘இருபத்திரண்டாம் நாள்’ என்று போட்டிருந்தார்கள். அதை லாக்கரில் பூட்டிவிட்டு, அச்சகத்தில் தாமதம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாட்சிப் புத்தகங்களின் கடைசியில் ஜெப உதவிக்கு என்று எழுதினவர் வீட்டு விலாசத்தைப் போடுவது வழக்கம். நோட்டின் முதல் பக்கத்தில் ஜெயசீலி எழுதியிருந்த விலாசத்தை அப்படியே போட்டிருந்தார்கள், அதை நான் யோசிக்கவே இல்லை.

ஜூனில் ஒரு ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஜெயசீலிதான் திறந்தாள். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்த பெண், இடுப்பில் நாலு வயதுப் பையன், தலை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் அந்தப் புத்தகம்.

“ஷீபா பாப்பா ஊடு இதானேம்மா? பாப்பாவ ஒரு தபா காட்டுங்க. எம்புள்ளயத் தொட்டாப் போதும், போயிடறேன்” என்றாள்.

ஜெயசீலி அந்தப் புத்தகத்தை வாங்கினாள். நின்றபடியே கடைசி மூன்று பக்கத்தையும் படித்தாள். நான் உள்ளறை வாசலில் நின்றேன், என் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“பாப்பா ஊருக்குப் போயிருக்காம்மா” என்றாள். பையனின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினாள்.

அந்த வருடம் இன்னும் ஐந்து தாய்மார் வந்தார்கள். ஐந்து பேருக்கும் அதே பதில்தான். எந்தப் பெண்ணுக்காக அவள் எழுதினாளோ அந்தப் பெண்ணே வாசலில் வந்து நிற்க, உண்மையைச் சொல்ல முடியாதபடி அவள் வாயை நான் கட்டிவிட்டேன். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “என் நோட்டு எங்க?” என்று மட்டும் ஒரே தடவை கேட்டாள். பூந்தமல்லிக்கு ஓடினேன். அச்சு முடிந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிட்டதாக மோசஸ் சொன்னார். அதற்குப் பிறகு ஜெயசீலி எதுவும் எழுதவில்லை.

கேட்ட வாசகருக்கு: காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், போதகர் கடிதம் கிடைக்குமானால் முதலிலேயே வாங்கிவிடுங்கள். கட்டணமெல்லாம் இப்போது பல மடங்கு ஆகியிருக்கும். மூன்று இடத்திலும் வேண்டாம் என்றால், வேண்டாம் என்றே வீட்டில் வந்து சொல்லுங்கள். எங்கே போனாலும் அதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள். அப்போது ஆவடி ஸ்டேஷன் வாசலிலேயே பக்கத்துக்கு ஒரு ரூபாய்தான், நான் எடுக்கவில்லை. ஷீபா இறந்துபோகிற பிரதி இப்போது எங்குமே இல்லை.