சிலுப்பிக் கோழிக்குப் பாட்டம்

என் வீட்டுக்காரர் முதன்முதலில் துபாய்க்குப் போனபோது இடுப்பில் ஒரு பெண்பிள்ளையையும் முற்றத்தில் ஒரு சிலுப்பிச் சேவலையும் என்னிடம் விட்டுப்போனார். பிள்ளை தன்பாட்டுக்கு வளர்ந்தது. அந்தச் சேவல்தான் என் உயிரை வாங்கியது.

களியக்காவிளைச் சந்தைக்கு, நடுவதற்கு மரச்சீனிக் கிழங்குக் கம்பு வாங்கப் போனவர், அந்தச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கம்பு வரவில்லை. மற்றக் கோழிகளுக்கு இறகு உடம்போடு ஒட்டிப் படிந்து கிடக்கும். இதற்கோ ஒவ்வொரு இறகும் நுனி சுருண்டு, தலைப்பக்கம் பார்த்து விறைத்து நின்றது. அவர் கண்ணுக்கு அது பெரிய செவ்வந்திப் பூ. என் கண்ணுக்கு, காற்றில் அகப்பட்டு வந்த வைக்கோல் பொதி. பயணத்துக்குப் பெட்டி கட்டும்போதுகூடப் பிள்ளையைவிட அதைத்தான் அதிகம் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போது எங்களுக்கு நிலம் புதிது. குன்னத்துகால் பக்கம் ஒரு பெரிய தறவாட்டுக் குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்தில், அந்தத் தறவாட்டு விளையின் மூலையில்தான் எங்கள் வீடு இருந்தது. குடியிருப்பவருக்கே நிலம் என்று சட்டம் வந்தபோது, குடியிருந்த பத்து சென்ட் எங்கள் பேருக்குப் பதிவாயிற்று. நடுவே வேலி வந்தது. வேலிக்கு அந்தப்புறம் தறவாட்டு அம்மை தனியாக இருந்தார். மகன்கள் திருவனந்தபுரத்தில் உத்தியோகம். பதிவு முடிந்ததிலிருந்து அவர் எங்கள் பக்கம் முகம் கொடுப்பதில்லை. அதுவரை அவரை நாங்கள், எசமானியைக் கூப்பிடுகிற மாதிரி, கொச்சம்மா என்று கூப்பிட்டு வந்தோம். இனி அப்படிக் கூப்பிடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் கட்டளை போட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லாமலே விமானம் ஏறிவிட்டார்.

அங்கே போயும் கோழியை விடவில்லை. கூட வேலைபார்த்த பூவார் ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோது, அவரிடம் ஒரு டேப் ரிக்கார்டரும் பேசி நிரப்பின கேசட்டும் கொடுத்தனுப்பினார். ஆசையோடு போட்டுக் கேட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா என்று ஒரு வார்த்தை. மீதி முழுக்கச் சேவல் புராணம். முற்றம் நிறையச் சிலுப்பியாகவே இருக்க வேண்டுமாம். சாதாரணப் பெட்டைகளைக் கொடுத்துவிட்டு, அந்தச் சேவலுக்கு அதற்குள் பிறந்து வளர்ந்திருந்த சிலுப்பிப் பெட்டைகளையே அதோடு விட வேண்டுமாம். அடுத்த விளைச் சேவல் எதையும் அண்டவிடக் கூடாதாம். போதாததற்குச் சேவல் கூவுவதைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்த நேரமெல்லாம் அது வாயைத் திறக்கவில்லை. நான் சலித்துத் திட்டியதுதான் கேசட்டில் தெளிவாக விழுந்தது. அதையே அனுப்பிவைத்தேன்.

சொன்னபடிதான் செய்தேன். முட்டை தந்துகொண்டிருந்த நல்ல பெட்டைகளை மனசில்லாமல் கொடுத்தேன். சிலுப்பிகளை மட்டும் வைத்து அடைவைத்தேன். பொரித்த குஞ்சுகளில் பாதி சிலுப்பியாய் வந்தன. சில சாதாரணமாய் வந்தன. இன்னும் சிலதுக்கு முளைத்த இறகு நார்நாராய் ஒடிந்து உதிர்ந்து, தோல் சிவப்பாய்த் தெரிந்தது. யாரோ உயிரோடு பிடித்து மயிர் பறித்த மாதிரி. சொறி என்று நினைத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். ஒன்றும் ஆகவில்லை. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்ததும் அவை கூட்டில் கிடந்து வெடவெடத்தன. சிலுப்பிகளுக்கும் மேலே விழுந்த தண்ணீர் நேராகத் தோலில் இறங்கியது. எல்லாவற்றையும் வாரி அடுப்பங்கரைக்குள் விட்டேன். சோறு வடிக்கும் இடத்தில் எச்சம். விறகின் மேல் கோழி. அப்படியும் இறகில்லாதவற்றில் ஒரு பெட்டைதான் பிழைத்தது.

மழை ஓய்ந்ததும் தறவாட்டு விளையிலிருந்து ஒரு சேவல் வேலி தாண்டி வர ஆரம்பித்தது. சாதாரண நாட்டுச் சேவல், நல்ல திடம். எங்கள் சிலுப்பியால் வேலியளவுகூட எழும்பிப் பறக்க முடியாது. சண்டை வந்தால் இரண்டு குதி குதித்துவிட்டு மரச்சீனிச் செடியின் மூட்டில் ஒளிந்துகொள்ளும். அதனால் நான்தான் முற்றம் கூட்டும் வாரியலோடு ஓடினேன். ஒருநாள் எறிந்த வாரியல் வேலிக்கு அந்தப்புறம் விழுந்தது. அம்மை அதை எடுத்து வேலிமேல் சாத்தி வைத்துவிட்டுப் போனார். பிறகு எனக்கும் விரட்ட மனம் வரவில்லை, கையும் ஓய்ந்துபோயிற்று. வருவது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த அடையில் பிறந்தவற்றில் ஒன்றுகூட மொட்டையாக இல்லை. பாதி சிலுப்பி, பாதி சாதாரணம். எல்லாம் ஓடியாடித் தின்றன. நான் ஆசுவாசப்பட்டு உட்கார்ந்தேன். அம்மை வேலியோரம் வந்து நின்றார்.

"எடீ, இது எல்லாம் எனக்க சேவலுக்க குஞ்சாக்கும். எனக்கும் பங்கு உண்டு."

எனக்கு அத்தனை நாள் அடுப்பங்கரைப் புகையும் எச்சமும் ஒன்றாய்த் தலைக்கு ஏறிற்று.

"நெலத்துக்குப் பாட்டமா ஓணத்துக்கு வருசாவருசம் வாழைக்குலை கொண்டுவந்து வச்சோம். அதெல்லாம் சட்டம் வந்து போயாச்சு. இப்ப கோழிக்கும் பாட்டம் கேக்கியளா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குஞ்சுகளையே பார்த்தார்.

"பாட்டம் இல்லடீ. வீட்டுல ஒரு வார்த்த மிண்டிப் பறைய ஆளில்ல. அந்தச் சுருட்டமுடிக்காரன் ஒருத்தன் முற்றத்துல நின்னா பாத்துட்டு இருப்பேன்."

குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்ததும் ஒரு சிலுப்பிச் சேவலும் ஒரு பெட்டையும் பிடித்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் சேவல் குஞ்சை மடியில் வைத்து இறகை நீவிவிட்டார். இறகு மறுபடி எழும்பி நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது. வரும்போது, "வாறேன் அக்கா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது பெட்டியைக்கூட அவிழ்க்காமல் முற்றத்தைச் சுற்றினார். வேலிக்கு அந்தப்புறம் நான் அக்காவுக்குக் கொடுத்த சிலுப்பிச் சேவல் வளர்ந்து, செம்பருத்தி மூட்டுப் பக்கம் மார்பை விரித்து நின்றது. எங்கள் முற்றத்தில் நின்ற ஒன்றுக்கும் அந்த எடுப்பு இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"பிள்ளே, நல்லதைத் தூக்கி அவங்களுக்கா குடுத்தே? அதும் அவங்க சேவலைச் சேத்து இனத்தைக் கெடுத்து?"

பிழைத்துக் கிடந்த மொட்டைப் பெட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். "இது நிங்க சொன்னபடி சிலுப்பியோட சிலுப்பிய விட்டு வந்தது. அங்க நிக்கியது நான் விட்டபடி வந்தது."

அவர் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது போலும், கையை எடுக்கவில்லை. மாலையில் துபாயிலிருந்து எனக்கென்று கொண்டுவந்த புதுத் துண்டைக் கூட்டுக்குள் விரித்து அதைப் படுக்கவைத்தார். துண்டு போனது போனதுதான்.

லீவு முடியும் முன் அவரே அக்காவிடம் போய், அந்தச் சேவலை எங்கள் பெட்டைகளோடு விட முடியுமா என்று கேட்டார். அக்கா எதுவும் சொல்லுமுன் நான் குறுக்கே போனேன். சிலுப்பியோடு சிலுப்பி இனி என் அடுப்பங்கரையில் நடக்காது என்று சொல்லிவிட்டேன். அக்கா என் பக்கம் நின்றார். இரண்டு பெண்கள் சேர்ந்து பேசினால் அவரால் என்ன செய்ய முடியும்.

புறப்படும் நாள் காரில் ஏறி உட்கார்ந்தபின் என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். துபாயில் ஒருவரிடம், கண்ணை மறைக்கிற மாதிரித் தலையில் கொண்டை மயிர் வளர்ந்த கோழி இருக்கிறதாம். அதன் முட்டையை ஊருக்குக் கொண்டுவர வழி உண்டா என்று இவர் விசாரிக்கிறாராம். நான் கார்க் கதவை அடைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.