வண்டலூர் மேம்பாலம் ஏறாத வண்டி

"செவ்வாய், மாலை. வண்டலூர் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் இரைந்தது; வேகம் கூடவில்லை. பின்னால் பேருந்து. இறக்கத்தில் சரியாகிவிட்டது." சென்ற வருடம் மே மாதம் என் டைரியில் எழுதிய குறிப்பு இது. அதே வாரம் வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதியிருக்கிறேன்.

சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்ததில் என் இடது கால் சூம்பிவிட்டது. கிளட்சை மிதிக்க முடியாது. அதனால்தான் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, மேற்குத் தாம்பரத்திலிருந்து பொத்தேரிக்குக் கல்லூரி அலுவலக வேலைக்குப் போய்வருகிறேன். அந்த வண்டி போனால், எங்கே போவதற்கும் யாரையாவது எதிர்பார்த்துத்தான் நான் நிற்க வேண்டும்.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும், வண்டியின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் போனில் காட்டும். பி 0730 என்று காட்டியது. விழுந்திருக்கும் கியருக்கும் வண்டி ஓடும் வேகத்துக்கும் பொருந்தவில்லை, கியர்பாக்ஸ் உள்ளே வழுக்குகிறது என்று அதற்குப் பொருள். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

சேலையூரில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன்.

"வித்துடுக்கா. பழைய ஆட்டோமேட்டிக்ல கியர்பாக்ஸ் போச்சுன்னா அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் உன் வண்டிய ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கார்."

"அப்புறம் நான் ஆபீஸ் போறது?"

"கேப் போட்டுக்கோ. இந்த டிராபிக்ல நீ எதுக்கு ஓட்டிக்கிட்டு."

கியர் வழுக்கும் வண்டியை ஒருவர் எதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்? அந்தக் கேள்வி அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. தம்பி வண்டியை முடிச்சூர் சாலையில் தனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டான். மாலையில் ஆட்டோ பிடித்து அங்கே போனேன். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"எரர் கோடு எதுவும் இல்ல மேடம். காலைல நானே ரெண்டு ரவுண்டு அடிச்சிப் பாத்துட்டேன். வண்டி சோக்காத்தான் கீது," என்றார் மெக்கானிக்.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் சைனா சாமான். இத்த நம்பி பேஜாராவாதீங்க. ஆக்சிலேட்டர கபால்னு மிதிச்சா எந்த வண்டியும் இரையத்தான் செய்யும்."

தம்பி டயரைப் பார்த்தபடி அவரிடம் சொன்னான்: "அக்காவுக்கு முன்ன மாதிரி கால்ல வலு இல்லண்ணா."

கார் ஓட்டுவது என் வலது கால். அதில் ஒரு குறையும் இல்லை. இது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து என் கருவியைச் செருகினேன். குறியீடு இல்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள் பல 'முடியவில்லை' என்று இருந்தன. போன வாரம் எல்லாமே முடிந்திருந்தன. நினைவகத்தை அழித்தால்தான் அவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதாவது, இடையில் யாரோ அதை அழித்திருக்கிறார்கள். எதுவும் இல்லாததை எதற்கு அழிப்பார்கள்? வண்டியில் குறை இல்லை என்றாகிவிட்டால், குறை என் காலில்தான் என்றாகிவிடும்; என்னை விற்க வைக்க அது போதும்.

டைரியை எடுத்து மறுபடி படித்தேன். மூன்று தடவையும் திரும்பி வரும்போது, கூடுவாஞ்சேரி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஏற்றத்தில்தான் வழுக்கியிருக்கிறது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்ததோ காலையில், சமதளத்தில்.

அடுத்த வாரம் ஒரு நாள் தம்பியை மின்சார ரயிலில் பொத்தேரிக்கு வரச்சொன்னேன். சாவியை அவனிடம் கொடுத்தேன்.

"நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"எனக்கே டெஸ்டாக்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கிளம்பினான். கூடுவாஞ்சேரி தாண்டும்வரை, நான் எப்படி பிரேக் பிடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தினான்.

வண்டலூர் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் இன்ஜின் அலறியது. வண்டி இழுக்கவில்லை. அவன் இன்னும் அழுத்தினான், சத்தம்தான் கூடியது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி விலகிப் போனது.

"அக்கா, என்னக்கா இது? பிக்கப்பே இல்ல."

"கபால்னு மிதிக்காத. கால்ல வலு இருக்கில்ல உனக்கு?"

ஆபத்து விளக்கைப் போட்டு, ஓரமாக நகர்ந்து நகர்ந்து உச்சிக்கு வந்து இறங்கினோம். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. கீழே ஓரங்கட்டிக் கருவியைச் செருகினேன். அதே பி 0730. போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு வைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். பள்ளிக்கரணையில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்யும் ஒரு கடை. வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பி, நாங்களும் பின்னாலேயே போனோம். கியர்பாக்ஸ் ஆயில் பாதிதான் இருந்தது. கறுத்துத் தீய்ந்த வாடை வேறு. ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ஒன்று கசிந்திருந்தது. இருக்கிற கொஞ்ச ஆயிலும் சூட்டில் இளகிவிட்டால் ஏற்றத்தில் அழுத்தம் போதாமல் வழுக்கும் என்றார்கள். குழாயையும் ஆயிலையும் மாற்றினார்கள். வண்டி சரியாகிவிட்டது. இன்றும் அதில்தான் போய்வருகிறேன். தம்பி அதற்குப் பிறகு விற்பதைப் பற்றிப் பேசியதில்லை.

பழுது வேலை முடிந்து, தம்பியும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தக் கடைக்காரரிடம், குறியீடு தானாக அழியுமா என்று கேட்டேன்.

"ஸ்கேனர்ல அழிக்கலாம் மேடம். பேட்டரி வயரக் கழட்டுனாலும் இந்த வண்டில போயிடும். அதுக்குன்னு யாரையும் தப்பா நினைக்க முடியாது."

பேட்டரியைக் கழற்றியிருந்தால் டாஷ்போர்டு கடிகாரமும் நேரம் தப்பியிருக்கும். அந்தச் சனிக்கிழமை மாலை அது சரியான நேரத்தைக் காட்டியது நினைவிருக்கிறது. யாராவது திருத்தி வைத்திருக்கவும் கூடும். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அந்தக் குறியீடு எப்படி அழிந்தது, மெக்கானிக் தானாகச் செய்தாரா, அழிக்கச் சொன்னது என் தம்பிதானா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. அவன் ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். ஒரு கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும். எந்தப் பதில் வந்தாலும் அதை நம்புவேனா என்று எனக்கே தெரியாததால்தான் இன்னும் கேட்காமல் இருக்கிறேன்.