இடது பெருவிரல் ரேகை

காலையில் ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் சத்தியவேட்டிலிருந்து தடா போகும் பஸ்ஸில் எங்கள் தெரு ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன மாதம் வேலை செய்யும் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் அவருடைய வலக்கை விரல்கள் மூன்று போய்விட்டன.

ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார்.

"வக்கீலப் பாக்கப் போய்க்கினு இருக்கேன். நீ தெலுங்கு படிச்சவனாச்சே, இதுல இன்னா எழுதிக்கிறான்னு சொல்லு. நஷ்டஈட்டுக்குன்னு ஆஸ்பத்திரிலயே சூப்பர்வைசர் இடது கை ரேகை வாங்கிக்கினான்."

படித்தேன். மிஷினில் கோளாறு இல்லை, என் கவனக்குறைவே காரணம், யார்மீதும் புகார் இல்லை என்று அண்ணனே சொல்வதாக எழுதியிருந்தது.

சொன்னேன்.

"கை உள்ள போனா மிஷின நிறுத்துற சென்சார் வேலை செய்யலன்னு மூணு நாளா கத்தினேனே, அது?"

"இல்லைணா."

"பின்னாடி பாரு."

பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"தெலுங்குல இருந்துச்சா, கவர்மெண்டு பேப்பர்னு நெனச்சிட்டேன்" என்றார்.

தடாவில் இறங்கும்போது கேட்டார்: "இத வக்கீல்கிட்ட காட்டட்டா, வாணாமா?"

எனக்குத் தெரியவில்லை. சட்டம் படித்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். ஆறுதல் மட்டும் வேண்டாம், அதை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.