தூக்க முடியாத வைரக்கண்ணு

கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரின் விவசாயச் சங்கத்தில் வைரக்கண்ணு அண்ணனுக்கு ஒரே வேலைதான். உட்காருவது. எடை நூற்று நாற்பத்தாறு கிலோ. மறியல் என்றால் நடு ரோட்டில் போய் உட்காருவார். மற்றவர்களைப் போலீஸ் ஐந்து நிமிஷத்தில் வேனில் ஏற்றிவிடும். இவரிடம் வந்ததும் எட்டுப் பேர் சுற்றி நின்று யோசிப்பார்கள். ஒரு முறை நெல் மூட்டை தூக்கும் ஆட்களையே கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்பதால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி நழுவிவிட்டார்கள். சங்கத்துக்கு மனு எழுதுகிறவன் நான். பதினோரு வருஷமாக என் மனுக்கள் சாதிக்காததை அந்த மனிதர் உட்கார்ந்தே சாதித்தார். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்க மாட்டேன்.

நில உச்சவரம்பு வந்த காலத்தில், பண்ணையாளாக இருந்த அவருடைய அப்பாவுக்கு மூன்று மா கிடைத்தது. அதாவது ஒரு ஏக்கர். அதன் குறுக்கேதான் எரிவாயுக் குழாய் போகும் என்று ஒருநாள் அளவுக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். அதே மாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவருடைய சர்க்கரையைப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதையும் கேட்டுவிட்டு, இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"உடம்பு போயிட்டா என்னைத் தூக்கிருவாங்களே தம்பி. அப்புறம் நிலத்துக்கு யாரு?" என்று என்னிடம் கேட்டார். விளையாட்டில்லை, கண் கலங்கியிருந்தது.

அவர் மனைவி அம்சம் அண்ணி அடுப்படியிலிருந்து கத்தினார்: "நீங்க போயிட்டாலும் நாலு பேரு தூக்கத்தான் போறாங்க. அது பரவாயில்லையா?"

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அதற்கு முன்னால் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம் மட்டும்தான். கல்லீரலில் உள்ள கொழுப்பு கரைந்தால்தான் இரைப்பையை எட்ட முடியுமாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆபரேஷனுக்குப் போகிறார் என்றால் சும்மா அனுப்புவதில்லை, ஆளுக்கு ஒரு தூக்குவாளியோடு பார்க்க வந்துவிடுவோம். டாக்டர் சொன்னதை மீறக் கூடாது என்று எல்லோரும் பாயசமாகவே கொண்டுவந்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், பால் பாயசம் கொண்டுபோனது நான். "இதுவும் தண்ணி ஆகாரந்தானே" என்று ஒவ்வொன்றையும் குடித்துத் தீர்த்தார். தஞ்சாவூரில் எடை பார்த்தபோது மூன்று கிலோ கூடியிருந்தது. டாக்டரம்மா ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். அந்த இரண்டு வாரமும் அண்ணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்துகொண்டு தூக்குவாளியோடு வந்தவர்களை எல்லாம் விரட்டினார்.

ஆனி மாதம் ஆபரேஷன் நடந்தது. அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவிட்டார்கள். "வயிறு இப்ப ஒரு வாழைப்பழம் அளவுதான்" என்று டாக்டரம்மா சொன்னதும், "பூவனா, மொந்தனா?" என்று கேட்டாராம்.

பிறகு கொஞ்ச நாள் வெறும் மோரும் பருப்புத் தண்ணீரும். அடுத்து மசித்தது. ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, இனிப்பு சுருங்கின வயிற்றுக்கு ஆகாது, சத்து மாத்திரை ஆயுசுக்கும். ஆசையை அடக்க முடியாமல் ஒரு கல்யாணத்தில் அரை ஜிலேபி தின்றார். வியர்த்துக் கொட்டி நெஞ்சு படபடக்க மணமேடைக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார். நாலாம் மாதம் முடி கொட்டியது. சட்டைகள் தொங்கின, சட்டைக்குள்ளே தோலும் தொங்கியது. மார்கழி பிறந்தபோது எடை தொண்ணூற்று நாலு. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. அண்ணி நிம்மதியாகத் தூங்கினார். சங்கம்தான் தூங்கவில்லை.

தை பிறந்ததும் பொக்லைன் வந்தது. சம்பா கதிர் சாய்ந்து நிற்கிறது, அறுப்புக்கு இன்னும் பதினைந்து நாள். அண்ணன் வழக்கம்போல் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் அவர் யாரென்றே கேட்காமல் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கி வேனில் வைத்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்களை எல்லாம் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் பழைய ஃபைலைப் படித்துவிட்டு வாசல் போலீஸ்காரரிடம் உத்தரவு போட்டிருந்தார்: "வைரக்கண்ணுன்னு ஒருத்தர், ரொம்பப் பெரிய உடம்பு. அவரை மட்டும் வெளியில விடாதய்யா."

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். போலீஸ்காரர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அங்கிருந்து வயலுக்கு ரோட்டில் போனால் ஆறு கிலோமீட்டர். வரப்பில் போனால் ஒன்றரைதான். பத்து வருஷமாக வரப்பில் அவர் கால் வைத்ததில்லை, வைத்தால் வரப்பு சரியும். அன்று விறுவிறுவென்று நடந்து போய் மறுபடியும் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். மறுபடியும் மண்டபத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கொல்லைப்புறமாக மறுபடியும் போனார். மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டர் வயலிலேயே நின்றிருந்தாராம்.

"யோவ், யாருய்யா நீ?"

"வைரக்கண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் மண்டபத்துக்குப் போன் போட்டார். "வைரக்கண்ணு இன்னும் வாசல் பக்கமே வரல சார், கண்ணை எடுக்காம நிக்கிறேன்" என்று பதில் வந்தது.

கூட இருந்த தாசில்தார் சிரித்தேவிட்டார். கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அறுத்துக்கட்டும், அப்புறம் வருவோம்" என்றார். பொக்லைன் திரும்பிப் போனது. அறுப்பு முடிந்ததும் திரும்ப வருவார்கள். நானும் மனு எழுதி வைத்திருக்கிறேன்.

புது அரிசி பொங்கிய அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்கு இலை நிறையச் சோறு. அண்ணனுக்கு ஒரு கிண்ணத்தில் நாலு ஸ்பூன்.

"இதுக்காண்ணே இத்தனை தடவை நடந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாயில் இருந்ததை முப்பது தடவை மென்று முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"முன்னயெல்லாம் உக்காந்த இடத்துலேருந்துதான் நம்ம நிலத்தைப் பாப்பேன் தம்பி. அன்னிக்குத்தான் நாலு வரப்பையும் சுத்தி வந்தேன்" என்றார்.

அண்ணி என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.