ஊதிப் பார்த்த வால்வு

போன வாரம் வீட்டு மீன் தொட்டிக்கு பில்டர் மாட்டினேன். தொட்டிக்குள் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டை, வெளியே காற்று மோட்டார், நடுவே மெல்லிய ரப்பர் குழாய். மோட்டார் தள்ளும் காற்று குமிழாக மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அழுக்கு ஸ்பாஞ்சில் தங்கிவிடும். பத்து நிமிட வேலை. எனக்கு அரை நாள் ஆனது. குழாயின் நடுவில் மாட்டும் பட்டாணி அளவு வால்வை ஊதிக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் ஊதினால் காற்று போகும், மறுபக்கம் போகாது. மோட்டார் நின்றால் தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது அதுதான்.

"இன்னும் எத்தன தடவைங்க ஊதுவீங்க?" என்றாள் மனைவி.

புது ரப்பரின் வாடை வாயில் ஒட்டியிருந்தது. அந்த வாடைக்கு எனக்குக் கொல்லிமலைதான் ஞாபகம் வரும்.

அப்போது நான் அங்கே ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். எழுதியதில் பாதி மழை, மீதி கவிழ்ந்த லாரி. சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் பொன்னுசாமி அண்ணன் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மிளகும் கொஞ்சம் மரவள்ளியும் வைத்திருந்தார். அவர் மனைவி மல்லிகா அக்காவுக்கு ஏழாம் மாதம். முன்னே இரண்டு தங்கவில்லை. படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரையே பார்த்துக் கிடப்பவளுக்கு முன்னால் ஏதாவது அசையட்டும் என்று அண்ணன் நாமக்கல் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலைந்து மீனும் வாங்கி, மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

தொட்டியைக் கட்டிலருகே மேசை மேல் வைத்தோம். இரைச்சல் அக்காவின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று மோட்டாரை மட்டும் தரையில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கத்தில், துணி விரித்து வைத்தார் அண்ணன். கடைக்காரர் கொடுத்த பொட்டலத்தில் இதே மாதிரி ஒரு வால்வும் இருந்தது.

மலையில் வீடுகளுக்கு ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தண்ணீர் வரும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும். யாரும் மூடுவதில்லை, மிஞ்சியது வாழைக்குப் போகும். அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரே எதிரி அடைப்பு. இலையோ நண்டோ சிக்கினால் வாய் வைத்து ஊதுவார்கள். அண்ணன் வால்வையும் அப்படித்தான் ஊதினார். காற்று போகவில்லை.

"அடச்சுக் கெடக்குதுங்க தம்பி. நீங்க ஊதிப் பாருங்க."

நானும் ஊதினேன், அவர் ஊதிய அதே பக்கம். "ஆமாங்கண்ணா, அடைப்புதான்." எதையும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதாதே என்று ஆசிரியர் குழுவில் திட்டு வாங்கிப் பழகியவன் நான்; இங்கே இரண்டு பேர் ஊதியாகிவிட்டது. வால்வு சன்னல் வழியே மரவள்ளிக்குள் போய் விழுந்தது.

அந்த வாரம் ஏனோ கரண்டு போகவில்லை. ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்குப் போனது. அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா மீன்களிடம் பேசும் குரல் கேட்டது.

"ஏஞ்சாமிகளா, எங்க போவுது உங்க தண்ணி?"

எழுந்துபோய் அறை வாசலில் நின்றேன். காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்கியிருக்கிறது, ஊற்றுத் தண்ணீர் போலவே. மோட்டாரில் ஒழுகி, துணியை நனைத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுற்றிச் சிமெண்ட் தரையெல்லாம் பரவியிருந்தது. அதன் நடுவில் வெறுங்காலுடன் அக்கா. ஒரு கை வயிற்றில், மறு கை முழங்கை வரை தொட்டிக்குள். பாக்ஸின் சிவப்பு விளக்கு எரியவில்லை. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்டு எந்த நொடியும் வரலாம்.

"அக்கா, கைய எடுங்க. கட்டில்ல ஏறுங்க."

"ஏனுங்க தம்பி, பாம்புங்களா?" என்று சிரித்தார். "மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. இருங்க, இந்தச் செவப்பு மீனு குழாய்க்குப் பின்னால சிக்கிக்கிச்சு."

பிடித்து இழுக்கத்தான் ஒரு காலை உள்ளே வைத்தேன். விரல் நுனியில் ஈரம் பட்டது. கால் பின்னால் வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அதுவாக வந்தது. பிறகுதான் ஓடினேன். வீட்டைச் சுற்றி ஓடி, முன்சுவரில் இருந்த பியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன், வந்தது. அதைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மிக்சி ஓடத் தொடங்கியது. சட்னி அரைக்கும் சாதாரணச் சத்தம். கரண்டு வந்துவிட்டது. பியூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "பொறந்ததுலருந்து குழாய் போடறவனுங்க நானு," என்று மட்டும் சொன்னார். பிறகு பல நாள், தம்பி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும், தம்பிக்கு என்ன மூளை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வால்வை நானும் ஊதியதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கால் பின்னால் வந்ததை நான் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக.

சென்ற ஆண்டு வாசலூர்பட்டி ஏரியைப் பற்றி எழுதப் போனவன் சோளக்காட்டிலும் இறங்கினேன். அண்ணனும் அக்காவும் குடும்பத்தோடு அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்குப் போய்விட்டார்கள். நான் போனது வீட்டைப் பார்க்க. அறை வாசலிலிருந்து அக்கா நின்ற இடம் எத்தனை அடி, பியூஸ் கட்டை எத்தனை அடி என்று நடந்து அளக்க நினைத்தேன். யோசித்து ஓடினேனா, பயந்து ஓடினேனா என்பது அளந்தால் கொஞ்சமாவது தெரியும் என்று ஒரு நம்பிக்கை. வீடு இல்லை. மண்ணை மட்டமாக்கி, ஜல்லி கொட்டி, ஒரு விடுதிக்குக் கார் நிறுத்தும் இடமாக்கியிருந்தார்கள். நாலு கார்கள் நின்றன. கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். வாசல் எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை.